இன்னும் இரண்டடி

குளம் வெட்டுவது புண்ணியம், அதில் தவறு நேர வழியே இல்லை என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். அறக்கட்டளை வேலைக்கு நான் கிளம்பும்போதெல்லாம் அம்மா பக்கத்து வீட்டாரிடம், "எம்மக ஊரு ஊராப் போய்க் கொளம் வெட்டுறா, ஏழு தலமொறைக்குப் போதும்" என்பார். புண்ணியப் பேச்சு எனக்கு உவப்பில்லை. ஆனாலும் மறுத்ததில்லை, அந்த நம்பிக்கையில் உள்ளூர எனக்கும் பங்கிருந்தது.

சித்தையன்கோட்டைக்கு அப்பால் ஒரு சிறு குளம். அதை எங்கள் அறக்கட்டளை தூர்வாரியது; செலவை வெளியூர் நிறுவனம் ஒன்று ஏற்றது. குளத்தை ஒட்டி அரை ஏக்கரில் மல்லிகை வைத்திருந்தவள் ஏறக்குறைய என் வயதுக்காரி. குளத்தில் நீர் நின்றால்தான் அவளுடைய கிணறு ஊறும். அந்த ஊரில் வண்டல் அள்ளுகிறவர்கள், மண்வெட்டியில் சாம்பல் நிறக் களிமண் ஒட்டியதும் நிறுத்திவிடுவார்கள். நீரைத் தாங்கும் படுகை அது. அதற்குக் கீழே வெறும் மணல்.

மூன்றாம் நாள் காலை பொக்லைன் களிமண்ணைத் தொட்டது. அவள் பூக்கூடையோடு இறங்கி வந்து அதன் முன்னால் நின்றாள்.

"மேடம், போதும். நிப்பாட்டச் சொல்லுங்க. இதுக்குக் கீழ கைய வச்சா தண்ணி நிக்காது."

நிறுவனத்திலிருந்து வந்தவர் சிரித்தார். "ஆழம் இருந்தாத்தானம்மா தண்ணி நிறைய நிக்கும்?"

"ஓட்டப் பானை எம்புட்டு ஆழமா இருந்தா என்ன சார்?"

பொக்லைன் ஓட்டுநர்கூடச் சிரித்துவிட்டார். வந்தவர் சிரிக்கவில்லை. மறுநாள் புகைப்படக்காரர் வரவிருந்தார். படத்தில் குளம் ஆழமாகத் தெரிய வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். நான் படித்த நூல்களும் அதையேதான் சொல்லியிருந்தன.

"இன்னும் ரெண்டடிதாம்மா, செத்த பொறுத்துக்கங்க" என்று அவளிடம் சொன்னவள் நான்தான்.

ஐப்பசியில் குளம் நிறைந்தது. பத்தே நாளில் நீர் மணலுக்குள் இறங்கிவிட்டது. கரையில் நிறுவனத்தின் பெயர் பொறித்த கல் மட்டும் பளபளத்தது. கார்த்திகையில் அவள் கிணற்றில் வாளி தரை தட்டியது. நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதினேன். காரணத்தை மழைக்குறைவு என்று மாற்றித் தரும்படி அறக்கட்டளையிலிருந்து அது திரும்பி வந்தது. அந்த மழையில் நான் நனைந்திருந்தேன்!

இன்றும் எனக்கு ஆறவில்லை. ஒரு ஊர் காலங்காலமாகக் காத்த படுகையை ஒரு படத்துக்காகக் கிழித்துவிட்டு, பழியை வானத்தின்மேல் போடுவதற்கு ஈகை என்றா பெயர்? அந்தக் கிழிசலில் என் இரண்டடியும் இருக்கிறது என்பதையும் நான் மறக்கவில்லை.

வேலையை விட்டேன். காரணத்தை அம்மாவிடம் சொன்னேன். அவர், "அந்தப் பொண்ணு பூச்செடிக்கு என்ன செஞ்சா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாளே போனேன். செடிகளில் பாதி கருகியிருந்தன.

"படம் புடிக்க வந்தீங்களா மேடம்?"

"களிமண் மிதிக்க வந்தேன்."

"அப்பச் செருப்பக் கழட்டிட்டு எறங்குங்க."

வெட்டிக் கொட்டிய களிமண் கரையோரம் குவிந்து கிடந்தது. அதைச் சுமந்து, நனைத்து, மாடுகளை விட்டு மிதித்து, மூன்று கோடைகளாகப் படுகையை மூடி வருகிறோம். சென்ற தை மாதம் முழங்கால் அளவு நீர் நின்றது. முதல் கோடையில் ஊரே இறங்கியது. பிறகு ஒவ்வொருவராகத் தத்தம் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். அறக்கட்டளை வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. அம்மாவும் உலகை விட்டுப் போய்விட்டார்.

குளத்துக்குள் இப்போது அவளும் நானும் இருக்கிறோம்.