அரைஞாண் காசு

நாலு வழிச் சாலைக்கு எங்கள் நிலம் போகிறது என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் வேறு நிலம் பார்க்க அலைந்தார். எனக்குக் கவலையெல்லாம் என் பிள்ளையைப் பற்றித்தான். எட்டு மாதத்தில் காய்ச்சலில் போன பிள்ளை. அந்த நிலத்தில்தான் எங்கேயோ கிடக்கிறான். தார் ஊற்றுவதற்குள் அவன் கிடக்கும் இடத்தில் ஒரு பிடி மண்ணாவது எடுத்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

பெற்றவளே எங்கேயோ என்கிறாளே என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் அடக்கத்துக்குப் பெண்கள் போகக் கூடாது. பால் மறக்காத பிள்ளைக்குக் கல்லும் நட மாட்டார்கள். வீட்டுக்காரரும் மாமனாரும் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள், வெறுங்கையோடு வந்து தலைக்குக் குளித்தார்கள். "புங்கமரத்தடியில வெச்சோம்" என்றார் இவர். அத்தோடு சரி. மனசு கேட்காதபோதெல்லாம் அந்தப் புங்கமரத்தடியில் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவேன். இப்போது மரத்தையும் வெட்டிவிட்டார்கள். மேல்மண்ணையும் ஜேசிபி வழித்துப் போட்டுவிட்டது.

அவன் அரைஞாணில் ஒரு காசு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் காலணா, செம்புக் காசு, நடுவில் விரல் நுழையும் ஓட்டை. பிள்ளை எதற்கும் பயந்துகொள்ளக் கூடாதென்று என் அம்மா கறுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டியது. அதை அவிழ்க்காமல்தான் புதைத்தார்கள். அந்தக் காசை நம்பித்தான் பாயை வரச் சொன்னேன். தர்மபுரியில் பழைய பாத்திரக் கடை வைத்திருப்பவர். அவரிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருக்கிறது. காட்டில் கம்மலோ மூக்குத்தியோ தொலைந்தால் சுற்றுப்பட்டில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

புங்கமரம் நின்ற இடத்தில் பாய் மெஷினைத் தரையை ஒட்டி இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடந்தார். அது கத்தும்போதெல்லாம் ஓடிப்போய்க் குனிந்து பார்ப்பேன். தோண்டினால் சோடா மூடி, டிராக்டர் போல்ட், துருப்பிடித்த ஆணி. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இவர் வரப்பில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"புடிச்சு வெச்ச புள்ளையாராட்டம் உக்காந்திருக்கீங்களே, வாயில என்ன கொழுக்கட்டையா? எந்தப் பக்கம்னு வந்து காட்டுங்க."

எழுந்தார். எங்கள் பக்கம் வரவில்லை. எதிர்ப்பக்கம் நடந்து, மோட்டார் கொட்டாயைத் தாண்டிப் போய் நின்றார்.

"அங்க இல்லீங்க பாய். இங்க பாருங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் நடந்தேன். அவர் அங்கே கொண்டுபோய் வைத்த கொஞ்ச நேரத்திலேயே மெஷின் கத்தியது. பாய் மெஷினை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணைப் பறித்தார். பச்சைக் களிம்பேறி, நடு ஓட்டையில் மண் அடைத்துக்கொண்டு காசு வந்தது. கயிறு இல்லை. வேறு எதுவும் இல்லை. எல்லாம் மண்ணாகவே இருந்தது. என் உள்ளங்கையில் வைத்து, "பாருங்கக்கா" என்றவர் வண்டிப் பக்கம் போய் அந்தப் புறமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

அது நாங்கள் தக்காளி வைக்கிற இடம். அங்கே களை எடுத்திருக்கிறேன். பாலக்கோடு மண்டிக்குப் போகிற கூடைகளை அங்கேதான் இறக்கி வைப்பேன். இடுப்பு கடுத்தால் அங்கேயே உட்கார்ந்து கஞ்சி குடிப்பேன். இவர் மட்டும் அந்த உழவுச் சாலில் செருப்போடு இறங்க மாட்டார். கிறுக்கு மனுசன் என்று எத்தனை முறை பேசியிருக்கிறேன்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"அப்பாதான் சொல்ல வேண்டாம்னாரு. எடம் தெரிஞ்சா நீ அங்கயே சுத்திக்கிட்டுக் கெடப்ப, அடுத்தது வயித்துல தங்காதுன்னு."

"தங்குச்சா?"

அவனுக்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளையே இல்லை. பெற்ற மனம் பித்து என்பார்கள். பித்துப் பிடித்தாவது அவன் பக்கத்தில் கிடந்திருப்பேனே. அதைக்கூட எனக்கு விடவில்லை இவர்கள். அழுதேன். மாமனார் செத்துப் போய்விட்டார் என்றும் பார்க்காமல் திட்டினேன்.

நான் ஓய்ந்த பிறகு, "காச எடுத்துக்க. புது நெலத்துல கொண்டுபோய் வெச்சுக்கலாம்" என்றார்.

நானும் அதற்காகத்தான் மஞ்சள் துணி கொண்டுவந்திருந்தேன். ஆனால் காசு கையில் வந்த பிறகு மனசு மாறிவிட்டது. இத்தனை காலம் தனியாகக் கிடந்த பிள்ளை. இனிமேல் ராத்திரி பகல் என்று லாரி ஓடும். இடுப்புக் காசையும் உருவிக்கொண்டு போனால் பயந்துகொள்ள மாட்டானா? மண்ணைத் துடைத்து, குழியிலேயே வைத்தேன்.

இவர் மம்பட்டியை எடுத்தார்.

"வைங்க அத. அன்னைக்கு நீங்க போட்டீங்க. இன்னைக்கு நான் போட்டுக்கறேன்."

மண்டி போட்டு உட்கார்ந்து கையால் மண்ணைத் தள்ளினேன். கட்டிகளை உதிர்த்து, கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டேன். சின்னக் குழிதான். சீக்கிரம் நிறைந்துவிட்டது.