தண்ணீருக்குள் ஒரு தெரு

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழி மாதம் நடந்தது இது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே பெரியகல்லாற்றுக்குப் போகும் தெருவில், மராமத்து இலாகாவின் ஓவசியராக, தெரு வேலைகளை மேற்பார்க்க, நான் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சங்கிலி பிடித்து அளக்கத் தெரியும், படம் வரையத் தெரியும். அதனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. தலைக்கனம் என்று நீங்கள் சொன்னாலும் கோபிக்க மாட்டேன்.

மழைக்காலத்தில் வாவி பெருகித் தெருவை மூடிவிடும். அதற்காகத் தாழ்வான இடங்களில் இரண்டு ஓரமும் வெள்ளை பூசிய கம்புகளை நட்டு வைப்போம். கம்புகளுக்கு நடுவே போனால் தெரு. தாண்டினால் ஆளை மூடும் பள்ளம். அந்த வருடம் நாலு நாள் நல்ல வெயில் எறித்தது. இஞ்சினியர் துரை பார்வையிட வருகிறார் என்று செய்தியும் வந்தது. சேறு பிடித்துச் சாய்ந்து நின்ற கம்புகளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன்.

"இன்னும் மழை கிடக்கு ஐயா" என்றார் எங்கள் கங்காணி. நான் காதிலேயே வாங்கவில்லை. கம்புகள் வண்டியேறி மட்டக்களப்புக் களஞ்சியத்துக்குப் போய்விட்டன.

அன்றிரவே மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் தெருவைக் காணவில்லை, ஒரே தண்ணீர். என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்கும்போது, பெரியகல்லாற்றிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. உள்ளே பிள்ளைப்பேற்று வலியில் ஒரு பெண். மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். வாவியில் அடித்த காற்றுக்குத் தோணி விட ஒருவரும் துணியவில்லை.

"ஐயா, தெரு எங்க கிடக்கு? அத மட்டும் காட்டுங்க" என்று அவள் புருஷன் என் கையைப் பிடித்தான். அந்த வண்டி பள்ளத்தில் விழுந்தால் இரண்டு உயிரும் என் தலையில்தான்.

கங்காணி சாரனை மடித்துக் கட்டினார்.

"நாம போட்ட கல்லு நம்மட காலுக்குத் தெரியாதா? வாங்க, இறங்குவம்."

கங்காணியோடு சேர்த்துத் தெரு வேலையாட்கள் பதினொரு பேர். காத்தான்குடியாரும் ஆரையம்பதியாரும் கலந்த கூட்டம். தொடையளவு தண்ணீரில் காலால் தடவித் தடவிப் போய், கல் முடிந்து சேறு தொடங்கும் விளிம்பில் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஆள் போதவில்லை. வண்டி கடந்ததும் பின்னால் நின்றவர்கள் முன்னால் போய் மறுபடி நின்றார்கள். நானும் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினேன்.

"ஐயா, இஞ்சால நில்லுங்க. அங்கால பள்ளம்" என்று என்னையும் ஒரு கம்பாக நட்டார் கங்காணி. வண்டிச் சக்கரம் என்னை உரசிக்கொண்டு போனது. உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

வண்டி கரையேறிவிட்டது. அன்று பின்னேரம் சேதி வந்தது: பெண்பிள்ளை, தாய்க்கும் சுகம். எங்கள் ஆட்கள் போட்ட கூச்சலைக் கேட்டிருக்கவேண்டும்!

கம்பு பிடுங்கச் சொன்னதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானே எழுதினேன், இலாகாவுக்கு அனுப்பும் அறிக்கையில், என் பிழை என்று. வெள்ளத்தால் தெரு எத்தனை மணி நேரம் மூடப்பட்டது என்று அதில் ஒரு கேள்வி உண்டு. அதற்கு எதிரே "மூடப்படவில்லை" என்று எழுதி, அந்தப் பதினொரு பேரின் பெயரையும் கீழே வரிசையாக எழுதினேன். பிறகு எத்தனையோ தெரு, எத்தனையோ பாலம் என் கையெழுத்தில் எழும்பின. ஆனால் அந்தப் பதினொரு பேரோடு வேலை செய்தவன் என்று சொல்லும்போதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.