மத்வேயின் இரண்டு மாமியார்

மனைவி இறந்துவிட்டால் அவளுடைய அம்மா ஒருவனுக்கு என்ன உறவு? ஆறு வருடங்களாக மத்வேய் இந்தக் கேள்வியை அப்பத்தோடு சேர்த்து மென்று விழுங்கிக்கொண்டிருந்தான்.

குளிர்காலத்தை வழியனுப்பும் வெண்ணெய் வாரத்தில், புதன்கிழமை மருமகன்கள் மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். அன்று மத்வேய் ஓட்டும் பனி தள்ளும் டிராக்டர், என் பக்கத்து வீட்டில் இருக்கும் அவன் மாமியார் ஃபயீனாவின் வாசலில் நின்று உறுமும். அணைத்தால் அந்தக் குளிரில் மறுபடி கிளம்பாது. மருமகன் எவ்வளவு நேரம் உட்கார்ந்தான் என்பது தெரு முழுக்கக் கேட்கும்.

அப்பத்தை நான்காக மடிப்பான். உருகிய வெண்ணெயில் ஒரு மூலையை மட்டும் தோய்ப்பான். பாராட்டு அவன் வாயில் வராது.

"உப்பு கம்மி, அத்தை."

"பதினாலு தின்னப்புறம்தான் தெரிஞ்சுதா?"

பிறகு விறகு பிளந்து போட்டுவிட்டுப் போவான். இறந்துபோன அவன் மனைவி நீனாவைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

மத்வேயை நல்லவன் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. பனியோடு சேர்த்து என் வேலியையும் மூன்று முறை தள்ளியிருக்கிறான், ஒருமுறைகூட வருந்தியதில்லை. கடமைக்காகச் செய்வது வேறு, அன்பினால் செய்வது வேறு என்று நான் படித்த புத்தகங்கள் பிரிக்கின்றன. அவன் எதனால் செய்தான் என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

போன இலையுதிர் காலத்தில் அவன் ரொட்டிச்சாலையில் வேலை செய்யும் லரீசாவை மணந்துகொண்டான். அவளுடைய அம்மா கபிதலினா பெரிய தெருவில் இருக்கிறாள். வெண்ணெய் வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை கடை வரிசையில் நின்றபடி உரக்கச் சொன்னாள்:

"இந்தப் புதன்கிழமை என் மருமகன் என் வீட்லதான் சாப்பிடுவான். செத்தவங்க வழி வந்த சொந்தம் செத்தவங்களோட போச்சு."

இரண்டு ஆள் தள்ளி நின்ற ஃபயீனா விடவில்லை.

"தாராளமா போடு, கபிதலினா. உன் அப்பத்தைத் தின்னா அவனும் சீக்கிரமே என் பொண்ணுகிட்ட போயிடுவான். சொந்தம் எனக்கே திரும்பி வந்துடும்."

கடை சிரித்தது. வீடு திரும்பும் வழியில் அவள் சிரிக்கவில்லை. "என்னை அத்தைன்னு கூப்பிட இந்த ஊர்ல வேற வாய் கிடையாது" என்றாள் என்னிடம்.

புதன்கிழமை டிராக்டர் கபிதலினாவின் வாசலில் உறுமியது. ஃபயீனா முந்தின நாளே மாவு கரைத்து வைத்திருந்தாள். வேலிக்கு மேலாக ஒரு தட்டு நிறைய அப்பம் நீட்டினாள்.

"சூட்டோட சாப்பிடுங்க. ஆள் வரலைன்னா மாவு பொங்காம நிக்குமா?"

வெள்ளிக்கிழமை விருந்து திசை மாறும். அன்று மருமகன் தன் வீட்டில் மாமியாருக்கு அப்பம் சுட்டுப் போடவேண்டும். அதற்கு முந்தைய நாள் அவளை அவன் நேரில் அழைக்கவேண்டும். அவளுடைய அப்பச்சட்டியிலேயே சுடவேண்டும். எந்த மாமியாரின் சட்டி போகவில்லையோ அவளோடு உறவு முறிந்தது என்று அர்த்தம். கபிதலினா வியாழக்கிழமை காலையிலேயே மகள் கையில் தன் சட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

அன்று மதியம் மத்வேய் ஃபயீனாவின் வீட்டுக்கு நடந்து வந்தான். நான் வாசல் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவன் படியேறவில்லை.

"அத்தை, சட்டி வேணும். நாளைக்கு வந்துடுங்க."

"ஒண்ணு ஏற்கெனவே வந்திருக்காமே?"

"அடுப்புக்கு ரெண்டு கண்ணு."

"அவ உன் கண்ணைப் பிடுங்குவா, மாப்ளே."

ஃபயீனா உள்ளே போனாள். வர நேரமாயிற்று. வந்தபோது சட்டி புதிதாகத் துடைக்கப்பட்டிருந்தது, அவள் முகமும்.

சட்டியை வாங்கிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு நடந்தான். எங்கள் தெருமுனையில் வழி இரண்டாகப் பிரிகிறது. ஆற்றோரப் பாதையில் போனால் யார் கண்ணிலும் படாமல் ஐந்து நிமிடத்தில் தன் வீட்டை அடைந்துவிடலாம். பெரிய தெருவில் போனால் கபிதலினாவின் மூன்று ஜன்னல்களையும் தாண்டவேண்டும். அன்று ஏன் அப்படிச் செய்தான் என்று லரீசா கேட்டிருக்கிறாள், நானும் கேட்டிருக்கிறேன். இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முனையில் நின்றான். கோட்டுக்குள்ளிருந்து சட்டியை எடுத்தான். துப்பாக்கியைச் சாத்துவதுபோல் அதைத் தோளில் சாத்திக்கொண்டு, பெரிய தெருவில் திரும்பினான்.