என் அரிப்புக்குப் போட்ட மார்க்

என் இரண்டு கையிலும் எக்ஸிமா. மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் பாகங்களைக் கழுவித் துடைக்கிற வேலையில் இருந்தபோது வந்தது. வேலையை நான் விட்டேன், அது என்னை விடவில்லை. விரல் மடிகிற இடமெல்லாம் வெடித்து நீர் கசியும். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது.

தங்கைக்கு வளைகாப்பு நாள் குறித்ததும் நான் என் கையைத்தான் பார்த்தேன். அம்மா இல்லை. அம்மா இடத்தில் நின்று நான்தான் அவள் கன்னத்தில் சந்தனம் பூசி, முதல் வளையல் போட வேண்டும். இந்தக் கையாலா?

ஆஸ்பத்திரியில் புது மாத்திரை வந்திருப்பதாக டாக்டர் சொன்னார். நோயால் வாழ்க்கையே கெட்டுப்போனவர்களுக்கு முதலில் இலவசமாகத் தருவார்களாம். எவ்வளவு கெட்டது என்று கேள்வி கேட்டு மார்க் போடுவார்களாம், மார்க் ஏறினால்தான் மாத்திரையாம். மாமியாரோடு போனேன். எங்கள் வீட்டில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிற வழக்கம் இல்லை.

வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து ஒரு பெண் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

"போன வாரம் அரிப்பு எவ்வளவு இருந்துச்சு?"

"கொஞ்சம்" என்றேன். சோறானாலும் வலியானாலும் கொஞ்சம் என்று சொல்லித்தான் பழக்கம்.

"வீட்டு வேலை செய்ய முடியாம போச்சா?"

மாமியார் முந்திக்கொண்டார். "இன்னாமா இப்டி கேக்குற? ஊட்டு வேலை மொத்தமும் இவதான் பாத்துகினு கீறா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. வெட்கமில்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"விசேஷத்துக்குப் போறதை விட்டுட்டீங்களா?" என்றதற்கு, விசேஷமே எதுவும் வரவில்லை என்று புளுகினேன். சொந்தக்காரர்களைத் தவிர்க்கிறேன் என்று மாமியார் எதிரில் எப்படிச் சொல்வது? வேலை பற்றிக் கேட்டாள். வேலைக்கே போவதில்லை என்றேன். "அப்ப பொருந்தாதுன்னு போட்டுக்கறேன்" என்றாள். பொருந்தாது என்றால் பூஜ்யமாம், பிறகுதான் தெரிந்தது. கடைசியில் கணவரோடு நெருக்கமாக இருப்பது பற்றிக் கேட்டாள். மாமியார் சுவரைப் பார்த்தார். ஒரு பிரச்சினையும் இல்லை என்று தலையாட்டினேன். நான் சொறிகிற சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று என் கணவர் படுக்கையை ஹாலுக்கு மாற்றி எத்தனையோ காலமாகிறது.

"பாதிப்பு கம்மிதாம்மா, க்ரீமே போதும்" என்றார் டாக்டர்.

"சார், தப்பா சொல்லிட்டேன் சார். மறுபடி கேக்கச் சொல்லுங்க." கிட்டத்தட்ட கெஞ்சினேன்.

"மாத்திரைக்காக மாத்திச் சொன்னா எப்படிம்மா எடுத்துக்கறது? அடுத்த தடவை பார்க்கலாம்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். ஆனாலும் அவர் மேல் எனக்குக் கோபமில்லை. என் வாயைத்தான் செருப்பால் அடிக்கத் தோன்றியது.

வளைகாப்பு ஆவடியில், தங்கையின் புகுந்த வீட்டில். முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு போனேன். விரலுக்கு ஏது ரவிக்கை? சந்தனக் கிண்ணத்தை எடுக்கப் போனபோது அவள் நாத்தனார் என் கையைப் பார்த்துவிட்டாள். "நீங்க ஆரத்தி கரைச்சுக் குடுங்களேன் அக்கா" என்றாள், ரொம்ப மரியாதையாக.

சமையலறைக்குப் போய்த் தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் போட்டுக் கரைத்தேன். வெடிப்புக்குள் சுண்ணாம்பு இறங்கியது. எரிச்சலில் பல்லைக் கடித்தேன்.

கூடத்திலிருந்து தங்கையின் குரல் கேட்டது. "அக்கா எங்க? அக்கா போடாம நான் யார்கிட்டயும் கை நீட்ட மாட்டேன்."

அவள் முகம் சுளிக்க மாட்டாள், எனக்குத் தெரியும். சுற்றி இருக்கிற அத்தனை பேரும் என் கையைத்தான் பார்ப்பார்கள், அதுவும் தெரியும். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வந்து கதவைத் தட்டியவர்களிடம் வயிறு சரியில்லை என்றேன். சிறிது நேரம் காத்திருந்தார்கள். நல்ல நேரம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். பிறகு வளையல் சத்தம் கேட்டது.