சொல்லிக்கொள்ளாமல் வந்திருக்க வேண்டும்

சணல் ஆலைக் குடும்பத்தின் கடைசி வாரிசுக்கு நான் செக்ரட்டரியாக இருந்தேன். தாத்தா கட்டிய ஆலைகளை அப்பா பெருக்கினார், இவர் ஒவ்வொன்றாக விற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மகா பிடிவாதக்காரர். உயிரோடிருக்கும்போதே பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் தனக்கு வெள்ளைச் சலவைக்கல்லில் சமாதி கட்டிக்கொண்டார். பக்கத்தில் ஒரு கல் பெஞ்சு. எதற்கு என்று கேட்டேன். பார்க்க வருகிறவர்கள் உட்கார வேண்டாமா என்றார். அத்தனை சொத்திருந்தும் அவருக்கு அந்த ஒரு பயம்தான்: செத்த பிறகு தனியாகக் கிடக்க வேண்டுமே என்று.

சாயங்காலம் ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது வீட்டுப் பழக்கத்தில் தமிழிலேயே "போயிட்டு வரேன் சார்" என்பேன். ஒருநாள் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்கப்புறம் அதைச் சொல்லாமல் நகர விடமாட்டார். வயதான மனிதருக்கு இது என்ன விளையாட்டு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்த நாலைந்து உறவினர்கள் மண் போட்ட கையோடு காரில் ஏறிவிட்டார்கள். நான்தான் கடைசி. பாவமாக இருந்தது. திரும்பும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது: "போயிட்டு வரேன் சார்."

வீட்டில் இதைச் சொன்னதும் கணவர் குதித்தார்.

"சாவு வீட்டுலயே சொல்லிக்காம கிளம்பணும். நீ குழிகிட்ட நின்னு வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கியே, புத்தி இருக்கா உனக்கு? இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!"

தலைக்குக் குளித்தேன். அந்தப் பக்கம் போகவும் இல்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் உடம்பு கனத்துவிடும். கரியாஹாட் மார்க்கெட்டில் காய்கறிக்காரர் இரண்டு தடவை கேட்டால்தான் பதில் வரும். நான் எங்கோ இருப்பதுபோல் இருக்கும். பூஜைப் பண்டிகை முடிந்து குளிரும் வந்தது. சொன்ன சொல்லைத் தீர்த்துவிட்டால் நிம்மதி என்று ஒருநாள் மத்தியானம், கணவரிடம் சொல்லாமல், பூ வாங்கிக்கொண்டு போனேன்.

சருகு பெருக்கிக்கொண்டிருந்த காவலாளி தெரிந்தவர்போல் சிரித்து, அக்கா என்று அவர் பாஷையில் கூப்பிட்டார்.

"என்ன தீதி, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்?"

அடக்கத்துக்குப் பிறகு இப்போதுதான் வருகிறேன் என்றேன். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"தினமும் சாயங்காலம் இந்த பெஞ்சுலதானே உக்காந்திருக்கீங்க?"

பெஞ்சைப் பார்த்தேன். மழைக்குப் பாசி படர்ந்து கிடந்தது, ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் கல் வெளுத்திருந்தது.

"நான் எப்போ திரும்பிப் போவேன்?"

காவலாளி துடைப்பத்தைச் சாய்த்துவைத்தார்.

"வர்றதைத்தான் பாத்திருக்கேன் தீதி. போறதைப் பாத்ததே இல்லை."

கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். இத்தனை மாதமாகத் தினமும் சாயங்காலம் வீட்டில் காபி கலந்து கொடுத்தது நான்தானா என்று கணவரிடம் கேட்கப் பயமாக இருந்தது.