பாஸ்ட்ல வாங்க

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். போடியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் நர்ஸ் போன் செய்தார். குரங்கணிக்கு மேலே, எங்கள் ஏலத்தோட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். “காலையில பாஸ்ட்ல வாங்க, எட்டு மணிக்கு ஆபரேஷன்” என்றது மட்டும் காதில் விழுந்தது.

விடியுமுன் எழுந்து நானே இட்லி ஊற்றினேன். அவள் வேண்டாம் என்றாள்.

“கத்தி வைக்கப்போற ஒடம்பு புள்ள. வெறும் வயித்தோட போகக் கூடாது. ரெண்டு தின்னு.”

எனக்காகத் தின்றாள். ஜீப்புக்கார அண்ணனை வெரசாக ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு வளைவிலும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஏழரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, “எப்பச் சாப்பிட்டாங்க?”

சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “பாஸ்ட்ல வரணும்னு சொன்னேனே. வயித்துல சாப்பாடு இருந்தா மயக்க மருந்து குடுக்க முடியாதுண்ணே. உயிருக்கே ஆபத்து.” மதுரையிலிருந்து வரும் டாக்டர் இனி அடுத்த வாரம்தான் வருவாராம். கெஞ்சிப் பார்த்தேன். நர்ஸ் என்ன செய்வார்?

திரும்பும் வழியில் தேனியில் படிக்கும் மகளுக்குப் போன் செய்தேன்.

“பாஸ்ட்னா வேகந்தானத்தா?”

“வேகமுந்தான்ப்பா. பட்டினிக்கும் அதே வார்த்தைதான். சாயம் போகாத துணிய அப்படித்தான் சொல்வாங்க. அசந்து தூங்குறதுக்கும், இறுக்கிப் பிடிச்சுக்கிறதுக்கும் அதுதான்.”

“இதுல எதச் சொல்றாங்கன்னு எப்படித்தா தெரியும்?”

“திருப்பிக் கேட்டுருக்கணும்ப்பா” என்றாள் மெதுவாக.

அந்த வாரத்தில் மூன்று முறை வலி வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். வெந்நீர் ஒத்தடம் தவிர எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. அதற்கும் வலி கேட்கவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பியபின் பார்க்க வந்தவர்கள், ஏன் ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள் என்று கேட்டார்கள்.

“அன்னைக்கு டாக்டர் வரல” என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமல்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.