கடற்கரைக்குப் போட்ட பூஜ்யம்

எனக்குப் பூஜ்யம் என்றாலே ஆகாது. இன்றைக்கும் யாராவது ஒரு தாளில் பூஜ்யம் போட்டு என் முன்னால் நீட்டினால், "நேர்ல போய்ப் பாத்தியா?" என்றுதான் முதலில் கேட்பேன். வாய்க்கொழுப்பு என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் மாமல்லபுரம் கடற்கரையில் அந்த வருஷம் ஒரு நர்ஸ் மிஞ்சியிருக்க மாட்டாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. செங்கல்பட்டில் ஒரு சுகாதார அலுவலகத்தில் எனக்கு வேலை. வேலைக்குப் பெயர் 'கம்ப்யூட்டர்'. சிரிக்காதீர்கள், உத்தரவில் அப்படித்தான் போட்டிருந்தது. மிஷின் எதுவும் கிடையாது, நான்தான் மிஷின். ஊர் ஊராக வரும் மாத அறிக்கைகளைக் கூட்டி, எங்கே எத்தனை பிறப்பு, எங்கே எத்தனை சாவு, எதனால் என்று ஒரே அட்டவணையாக்கிக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் தடுப்பூசி எந்தப் பக்கம் போகும், நர்ஸ் எந்த ஊருக்கு என்று அதிகாரி முடிவு செய்வார். ஜவுளி வியாபாரம் செய்கிற பாய் வீட்டு மருமகள் கணக்குப் படித்துவிட்டு ஆபீஸுக்குப் போகிறாளே என்று பஜார் தெருவே வேடிக்கை பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெரு நடுவிலேயே நடந்து போவேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர், கறாரான மனுஷன். சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறவர்களை உட்காரச் சொல்லிக் காபி வாங்கிக் கொடுத்து வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடுவார். "சத்தமா கேக்கறவனுக்கு இல்ல, நோய் எங்க அதிகமோ அங்கதான் மருந்து" என்பார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அவர் அறைச் சுவரில் எங்கள் பகுதியின் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. பிறந்த குழந்தைகள் அதிகம் சாகிற ஊர்களுக்கு நான் சிவப்புப் பென்சிலால் வண்ணம் போட்டிருந்தேன். மதுராந்தகம் பக்கம் நல்ல சிவப்பு. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் வரைக்கும் கடலோரம் முழுக்க வெள்ளை, வெளுத்த வேட்டி மாதிரி. அங்கிருந்து மாதாமாதம் பூஜ்யம்தான் வந்துகொண்டிருந்தது. பூஜ்யத்துக்கு என்ன வண்ணம் போடுவது?

அந்த வருஷம், பிறக்கிற குழந்தைக்கு வாய் கட்டுகிற நோய் வராமலிருக்கக் கர்ப்பிணிகளுக்குப் போடுகிற ரணஜன்னித் தடுப்பூசி, அதாவது டெட்டனஸ் ஊசி, வந்தது. கேட்டதில் பாதிகூட வரவில்லை. அதிகாரி படத்தின் முன்னால் நின்று யோசித்தார்.

"கடல் காத்து, மீன் சாப்பாடு. அங்க கொழந்தைங்க சாகறதில்ல பாரு. ஊசியெல்லாம் மதுராந்தகத்துக்குப் போகட்டும். கடற்கரை நர்ஸையும் அங்க மாத்திடலாம். அடுத்த மாசக் கூட்டத்துல முடிவு பண்ணிடறேன்."

 அந்த வெள்ளைப் பட்டையில்தான் என் அம்மா வீடு இருந்தது, கோவளம் கடைத்தெருவில். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், தலைப்பிரசவத்துக்கு அங்கே போனேன். ஆண் குழந்தை. நன்றாகத்தான் பால் குடித்துக்கொண்டிருந்தான். பெயர் வைக்கிற நாளுக்கு முதல் நாள் வாயைத் திறக்கமாட்டேன் என்றான். தாடை இறுகிப்போய், தொட்டாலே உடம்பு விறைத்துப்போய், விடிவதற்குள் போய்விட்டான். அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். ஊரில் பிறப்பு, சாவு எழுதுகிற மணியக்காரரிடம் போய் எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

"சார், அந்தப் பூஜ்யம் பொய்" என்றேன்.

"எத வச்சுச் சொல்ற?"

"எனக்குத் தெரியும் சார்."

"உனக்குத் தெரியறது கணக்கு இல்லம்மா. ஒவ்வொரு ஊர்க்காரனும் 'எனக்குத் தெரியும்'னுதான் வர்றான். கணக்கு கொண்டா, பாக்கறேன்."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. என் மகனைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பிள்ளையைக் கொண்டுபோய் அவர் மேஜை மேல் சாட்சியாக வைக்க மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். "லீவு நாள்லகூட என்ன ஆபீஸ்?" என்றார் என் வீட்டுக்காரர். "எனக்கு லீவு வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுப் படியிறங்கினேன். முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்ததால் மாமல்லபுரத்தில் கடற்கரை நர்ஸ் எனக்காகக் காத்திருந்தாள். அவள் கிறிஸ்தவப் பெண், சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். மாற்றல் வந்தால் அவளுக்கு லாபம்தான்.

"எனக்கு என்னக்கா, பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றாள். "ஆனா மாசமா இருக்கறவள இன்னிக்குப் பாத்துட்டு, அடுத்த வாட்டி போறேன், தூளி கட்டியிருக்க மாட்டாங்க. கேட்டா யாரும் வாயத் தொறக்கறதில்ல. பிரசவம் பாக்கவும் என்னக் கூப்பிடறதில்ல. நான் எதை எழுதறது?"

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்கு நடந்தோம். கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. பெண்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராகவே கேட்டேன்.

"போன மாசி மகத்துக்கு அப்பறம் இங்க பச்சக் கொழந்தைங்க ஏதாச்சும் தவறிப் போச்சா?"

கூட்டத்தில் பெரியவளாக இருந்தவள் கையிலிருந்த மீனைக் கூடையில் வீசினாள். "இன்னா பாயம்மா, காலங்காத்தால வாய வெக்கற? எங்க கொழந்தைங்கல்லாம் நல்லாத்தான் கீதுங்க. போயி உங்க டவுன்ல கேளு."

"பொய் சொல்லாதே" என்றேன். என் வாய்தான் தெரியுமே.

"யாரு பொய் சொல்றது? நீ வந்து பாத்தியா? எழுதிக்கினு போறதுக்குன்னே வந்துடறாங்க, பேஜாரு புடிச்சவங்க!"

சண்டை முற்றுவதற்குள் நர்ஸ் என் கையைப் பிடித்துப் பக்கத்துக் குடிசை நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் சின்னப் பெண் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீன் நாற்றத்துக்கும் அடுப்புப் புகைக்கும் நடுவில் மல்லிகைப்பூ வாசம் தூக்கியடித்தது. அவள் தலையைப் பார்த்தேன். தலையில் பூ இல்லை.

 அந்த வாசம் எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். குழந்தை போன பிறகு பால் போவதில்லை. மார் கல்லாகக் கட்டிக்கொண்டு வலி உயிரை எடுக்கும். பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள், வாட வாட மாற்றிக் கட்டுவார்கள். கோவளத்தில் என் அம்மா எனக்கும் கட்டினாள். அதற்குப் பிறகு நான் தலையில் மல்லிகை வைத்ததே இல்லை.

"பூ கட்டிக்கினு கீறியா?" என்று கேட்டேன். ஆபீஸ் பேச்சு எங்கேயோ ஓடிப்போய், பிறந்த ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பாலு நிக்கவே மாட்டேங்குது பாயம்மா" என்று சொல்லி ஓவென்று அழுதாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் இருவருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

என்னோடு சண்டை போட்டவள் வந்து நின்றாள். அவளுடைய மருமகள்தான் இந்தப் பெண். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு அவளும் குந்தினாள்.

"உனக்கும் கட்டினாங்களா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"செத்துதுன்னு சொல்லக் கூடாது பாயம்மா" என்றாள் மெதுவாக. "பேரு வெக்காதத செத்துதுன்னு வெளிய சொன்னா, அடுத்தது தங்காது. வந்துட்டுப் போச்சுன்னு வுட்டுடணும். பேரும் நெனைக்கக் கூடாது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கள் சாவுப் படிவத்தில் முதல் கட்டமே 'இறந்தவர் பெயர்'. பெயர் இல்லாத பிள்ளைக்கு அதில் இடமே கிடையாது. நாங்கள் பாட்டுக்கு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம், இவர்கள் பாட்டுக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, சாவ நான் கேக்கல" என்றேன். "போன மாசி மகத்துக்கு அப்பறம் இந்தக் குப்பத்துல யாராருக்குப் பூ கட்டினீங்க? அத மட்டும் சொல்லு."

அவள் யோசித்தாள். பூவைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எழுந்து போய் மற்ற பெண்களைக் கூட்டிவந்தாள். ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி "அது போன வருசம்டி" என்று மறுக்க, ஒவ்வொரு வீடாக வந்தது. எந்தெந்தக் குழந்தைக்கு வாய் இறுகியது, உடம்பு விறைத்தது என்று நர்ஸ் தனியாகக் கேட்டாள். முக்கால்வாசிக்கு அதுதான். தொப்புள்கொடி எதால் அறுத்தீர்கள் என்று கேட்டதற்கு, மீன் அறுக்கிற கத்தியை எடுத்துக் காட்டினார்கள்.

திரும்பி வருகிற வழியில் நர்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இத கொண்டு போனா ஒத்துப்பாருல்ல?"

"மாட்டார்" என்றேன். அவரை எனக்குத் தெரியும். இங்கே மட்டும் புதுக் கேள்வி கேட்டிருக்கிறாய், மதுராந்தகத்திலும் இதையே கேட்டால் அங்கேயும் ஏறும் என்பார். சொன்னால் நியாயம்தான். ஆகவே அடுத்தடுத்த ஞாயிறுகளில் மற்றக் குப்பங்களுக்கும் போனோம், மதுராந்தகம் பக்கத்து ஊர்களுக்கும் போனோம். அதே மாசி மகம், அதே பூக் கேள்வி, ஏறக்குறைய அதே அளவு வீடுகள். மதுராந்தகத்திலும் மணியக்காரர் எழுதியதைவிடக் கூடத்தான் வந்தது, பாவம். ஆனாலும் கடற்கரை அதைத் தாண்டிப் போயிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டேன். ஒரு கோடுகூடக் கோணவில்லை.

அதிகாரியின் அறையிலேயே நடந்த கூட்டத்துக்குப் பல ஊர் டாக்டர்கள் வந்திருந்தார்கள். தாளைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார வேண்டியதுதான் என் வேலை. கம்ப்யூட்டர் பேசக் கூடாது. அதிகாரி என் அட்டவணையை இரண்டு தடவை படித்தார். பக்கத்திலிருந்த வயதான டாக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பூ கட்டின கணக்கா? மேல அனுப்பினா நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க சார். பொம்பளைங்க பேச்சு. ஊசி கிடைக்கும்னு ஒண்ணுக்கு நாலா சொல்லியிருப்பாங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "கூட்டிச் சொல்லலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எழுந்து நின்றேன். "எனக்கும் பூ கட்டியிருக்காங்க சார். கோவளத்துல. பையன். அதே வாய் கட்டற நோய்தான். அவனும் எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல. இந்தப் பூவ யாரும் ஆசைக்குக் கட்டிக்க மாட்டாங்க. கூட்டியும் சொல்ல மாட்டாங்க."

 வயதான டாக்டர் விடவில்லை. "ஓ, உன்னோடதும் இதுல ஒண்ணா? அதான் இவ்வளவு வேகமா?"

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

"இல்ல சார். என் புள்ள இந்தக் கணக்குல இல்ல. அவன் இந்த மாசி மகத்துக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே போயிட்டான். சேத்தா கணக்கு தப்பாயிடும். பெத்தவ நானே அவன வெளிய நிறுத்திட்டுத்தான் இத எழுதியிருக்கேன். கூட்டிச் சொல்றவளா நான்? சொல்லுங்க சார், கூட்டிச் சொல்றவளா?"

அதிகாரி மேஜை இழுப்பறையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"போய்ப் போடு" என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். அத்தனை டாக்டர்களும் பார்த்துக்கொண்டிருக்க, கோவளத்திலிருந்து தெற்கே ஒரு இடம் விடாமல் அழுத்தித் தேய்த்தேன். பென்சில் முனை உடைந்தது. சீவிக்கொண்டு மறுபடி தேய்த்தேன்.

நர்ஸ் கடற்கரையிலேயே இருந்தாள். ஊசி முதலில் குப்பங்களுக்குப் போனது, அடுத்து வந்தது மதுராந்தகத்துக்கு. அந்த இடைவெளியில் அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்வேன். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை என்கிற அளவுக்கு ஊசி அனுப்பியவர்களையும் சேர்த்துத் திட்டட்டும். படிவத்தில் பெயர்க் கட்டத்தை அடித்து 'பெயர் இல்லாவிட்டாலும் எழுதுக' என்று என் கையாலேயே சேர்த்தேன். அனுமதி கேட்கவில்லை.

செய்தி சொல்வதற்கு அந்தக் குப்பத்துக்குப் போனேன். மாமியார்க்காரி வலையில் சிக்கியிருந்த நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நர்ஸம்மா இங்கியே இருப்பாங்க. ஊசியும் வருது" என்றேன்.

"நல்லா இரு" என்றாள். பிறகு, "உன்னுதயும் எழுதிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல. அவன் கணக்குல வரமாட்டான்."

நண்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பெயரை நினைக்கவே கூடாது என்று எனக்குச் சொன்னவள், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பேரு இன்னா வெச்சிருப்ப?"

அதுவரைக்கும் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. என் அம்மாகூட, என் வீட்டுக்காரர்கூட. சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அலைச் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். இந்த முறை சத்தமாகச் சொன்னேன்.